ரவுட்டர் மறப்பதற்குள்

அன்புள்ள தங்கைக்கு,

எழுத்தை மட்டுமே வைத்து ஆடும் இணைய விளையாட்டில் நீ ஈடுபாடு கொண்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த ‘மட்’ இந்த வகைக்கு மூத்தது. படம் கிடையாது. வருணனை வரிவரியாக வரும். படித்து, யோசித்து, ஒரு கட்டளை தட்ட வேண்டும். ஆகவே விரல்கள் சும்மா இருக்கும் நேரமே இதில் அதிகம். அப்படிச் சும்மா இருந்துவிட்டு நீ தட்டும் அடுத்த வரிக்குப் பதில் வராமல் போகிறது, தொடர்பு அறுந்திருக்கிறது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இது நடந்தால், இணைப்புக் கொடுத்தவரையோ விளையாட்டு சர்வரையோதான் முதலில் குறை சொல்வோம். ஆனால் மௌனத்தின்போது மட்டும் அறுகிற தொடர்புக்குப் பெரும்பாலும் காரணம் வேறு. அதைச் சரிசெய்யும் இடமும் உன் கணினியிலேயே இருக்கிறது.

காரணத்தை அறிய, தொடர்பு என்பது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1981-இல் வகுக்கப்பட்ட டிசிபி என்ற தொடர்பு விதிப்படி அது இரு முனைக் கணினிகளின் நினைவில் மட்டும் இருக்கிறது. பேச ஒன்றும் இல்லையென்றால் ஒரு பாக்கெட்கூட, அதாவது ஒரு தரவுத் துண்டுகூட, போக வேண்டியதில்லை. நாள் முழுக்க மௌனமாக இருந்தாலும் தொடர்பு உயிரோடுதான் இருக்கும். நடுவழிக் கருவிகள் பாக்கெட்டைக் கடத்தியதோடு சரி, எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. ஆனால் இணையத்தின் 32 பிட் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. அவை போதாது என்று தெரிந்து, 1994-இல் ‘நாட்’ என்ற முகவரி மாற்ற ஏற்பாடு முன்வைக்கப்பட்டது. வீட்டிலுள்ள போன், டிவி, கணினி எல்லாம் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். எந்தப் பதில் எந்தக் கருவிக்கு என்பதை ரவுட்டர் ஓர் அட்டவணையில் எழுதிவைக்கும். அதில் இடம் குறைவு. விடைபெறாமல் போன தொடர்புகள் குப்பையாகச் சேரும். எனவே கொஞ்ச நேரம் பாக்கெட் கடக்காத வரியை அது அழித்துவிடுகிறது, பெரும்பாலும் யாருக்கும் சொல்லாமலே. அதன்பின் தோழி உன்னோடு பேசினாலும், பகைவன் உன் பாத்திரத்தைத் தாக்கினாலும், அந்தச் செய்தி ரவுட்டரோடு நின்றுவிடும். உன் திரையோ ஒன்றும் நடக்காததுபோல் அமைதியாக இருக்கும்.

அப்படியானால் ரவுட்டரின் நினைவுக் காலத்தை நீட்டிவிடலாமே என்று கேட்பாய். நியாயமான கேள்வி. நாட் கருவிகளுக்காக 2008-இல் வந்த நெறிமுறை, நிலைபெற்ற டிசிபி தொடர்பை 2 மணி 4 நிமிடத்துக்குக் குறையாமல் நினைவில் வைக்கச் சொல்கிறது. ஆனால் 2010-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் 34 வீட்டு ரவுட்டர்களைச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவை அந்த அளவை எட்டவில்லை. மிகக் குறைந்தது சுமார் 4 நிமிடம். பல வீட்டு ரவுட்டர்களில் அதை மாற்றும் வசதியே இருக்காது. இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. உன் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரி எது என்று பார். அது 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் ஒன்றோடு தொடங்கினால், அது இணைப்பு நிறுவனங்கள் தமக்குள் பயன்படுத்த 2012-இல் ஒதுக்கப்பட்ட முகவரி. அதாவது, நிறுவனத்தின் பக்கம் இன்னொரு நாட் கருவி நிற்கிறது. கொரட்டூரில் நூறு வீடுகள் அதைப் பகிர்ந்துகொண்டாலும் ஒரு வீட்டாரும் அதன் அமைப்பைத் தொட முடியாது. நடுவழியில் எத்தனை பெட்டிகள் இருக்கின்றன என்று தெரியாதபோது, அவற்றைத் திருத்துவது தீர்வாகாது. அவை மறப்பதற்குள் முனையிலிருந்து நினைவூட்டுவதே தீர்வு.

நினைவூட்டும் வேலையை இயங்குதளமே செய்யாதா என்றால், அந்த வசதி உண்டு. ஆனால் 1989-இன் விதி அதை இயல்பாக அணைத்தே வைக்கச் சொன்னது; இயக்கினாலும் இயல்பு இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வீணாகப் பாக்கெட் போகும், பாக்கெட்டுக்குக் காசு வாங்கும் வழிகளில் செலவாகும், சிறு தடங்கலிலேயே நல்ல தொடர்பு முறியும் என்பவை அன்றைய காரணங்கள். அன்று அவை சரி. இன்று கணக்குப் போட்டுப் பார். மட் விளையாட்டுகள் பேசும் டெல்நெட் மொழியில், நினைவூட்ட உதவும் ‘ஒன்றும் செய்யாதே’ என்ற கட்டளை 255, 241 என்ற இரண்டே பைட். தலைப்புகள் சேர்ந்து 42 பைட், ஒப்புதலுக்கு 40 பைட். நிமிடத்துக்கு ஒன்று அனுப்பினால் நாளைக்கு ஏறத்தாழ 1.2 லட்சம் பைட். போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பல மடங்கு பெரியது. சிறு தடங்கல் பற்றிய அச்சத்துக்கும் பதில் உண்டு: மௌனமாக இருந்தால் தடங்கலே இல்லாதபோதும் தொடர்பு போகிறது; பேசினால், போனதாவது சீக்கிரம் தெரியவருகிறது.

செய்முறை எளிது. ‘பட்டி’ என்ற இலவச மென்பொருளில் கனெக்‌ஷன் பக்கத்தில், எத்தனை விநாடிக்கு ஒருமுறை கீப்அலைவ் என்ற நினைவூட்டலை அனுப்புவது என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உள்ள 0 என்பதற்கு ‘அனுப்பாதே’ என்று பொருள்; அதை 60 ஆக்கு. சோதனையில் கண்ட மிகக் குறைந்த நினைவுக் காலத்தில் அது நான்கில் ஒரு பங்குதான் என்பதால் போதிய இடைவெளி இருக்கிறது.

இது விளையாட்டின் விதியை ஏமாற்றுவதாகாதா? வெகுநேரம் ஆடாதவரை வெளியேற்றும் விதி பல மட் விளையாட்டுகளில் உண்டு. நிமிடத்துக்கொரு முறை ‘பார்’ என்று தானாகத் தட்டும்படி அமைத்தால், ஆளில்லாதபோது ஆள் இருப்பதாகக் காட்டுகிறோம். அது நேர்மையல்ல, செய்யாதே. கீப்அலைவாகப் போகும் வெற்றுக் கட்டளையோ ஆட்டத்தின் கட்டளையே அல்ல. கம்பியை உயிரோடு வைப்பதோடு அதன் வேலை முடிகிறது. நீ ஆடுகிறாயா என்று தீர்மானிக்கும் உரிமை சர்வரிடமே இருக்கும்.

எல்லாத் துண்டிப்பையும் இது தீர்க்காது. மின்சாரம் போய் ரவுட்டர் அணைந்தால் அட்டவணையும் அழியும்; அதற்கு வேண்டியது இன்வெர்ட்டர். ஆகவே முதலில் சோதித்துப் பார். கீப்அலைவ் இல்லாமல் 2, 5, 10, 20 நிமிடம் விட்டுவிட்டுத் தட்டி, எந்த இடைவெளியில் அறுகிறது என்று குறித்துவை. விடாமல் தட்டும்போதும் அறுந்தால் குற்றவாளி மௌனமல்ல. வைஃபையையோ கேபிளையோ பார்.

இந்த அறிவு விளையாட்டோடு முடிவதில்லை. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க 1999-இல் உருவான எம்க்யூடிடி நெறிமுறையில் கீப்அலைவ் இடைவெளி விதியாகவே இருக்கிறது. நாளை நீ அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரத்தையோ, ஆவடியில் ஓர் அடுக்ககத்தின் தண்ணீர் மோட்டாரையோ இணையத்தில் இணைக்கும் நிரல் எழுதலாம். அதுவும் பெரும்பாலான நேரம் சொல்ல ஒன்றுமின்றி இருக்கும். நான் இருக்கிறேன் என்று நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல அதற்கும் கற்றுக்கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்