மின்னல் விழுந்த இடம் எது?

மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம் என்பதை நாம் அறிவோம். ஒலி 1 கி.மீ. கடக்க ஏறத்தாழ 3 வினாடி ஆகும். ஆயினும் இடியோசை வெகுதொலைவு எட்டாது. ஓசை கேட்கும்போதே ஆபத்து அருகில் வந்துவிடுகிறது.

மின்னல் வானொலி அலைகளையும் எழுப்புகிறது. வானொலிப் பெட்டியில் எழும் கரகரப்பு இதனாலேயே. 1895ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் போபோவ் இவ்வலைகளை உணரும் கருவியை அமைத்தார்.

இன்று பல ஊர்களில் நிறுவப்பட்ட உணர்கருவிகள், அலை வந்துசேர்ந்த நேரத்தை மைக்ரோவினாடி நுட்பத்துடன் பதிவு செய்கின்றன. ஒரு மைக்ரோவினாடியில் அலை 300 மீட்டர் செல்லும். இரு நிலையங்களின் நேர வேறுபாடு, வரைபடத்தில் ஓர் அதிபரவளைவைத் தரும். மூன்றாம் நிலையம் மற்றொரு வளைவைத் தரும். அவை வெட்டுமிடமே மின்னலின் இடம். நான்காம் நிலையம் ஐயத்தைப் போக்கும். வகுப்பில் நாம் வரையும் வளைகோடு உயிர் காக்கும் கருவியாவது வியப்பன்றோ!

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இத்தகைய வலையமைப்பை நடத்துகிறது. அதன் 'தாமினி' செயலி 20 கி.மீ., 40 கி.மீ. வட்டங்களுக்குள் நிகழும் மின்னலை அறிவிக்கிறது. எனினும், 2022இல் இந்தியாவில் 2,800க்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியாயினர்.

மணிமங்கலம் ஏரிப்பாசன வயலில் நாற்று நடுபவர் கையில் கைப்பேசி இராது. செய்தி அறிந்த நாமே குரல் கொடுத்து, மரத்தடியை விட்டு அவர்களைக் கட்டடத்துக்குள் அழைக்க வேண்டும். அறிவியலின் கடைசிக் கம்பி மாணவரே!