மிதவையைச் சுற்றும் முறை

செஞ்சியில் இராசகிரியின் உச்சிக்கு ஏறுவோர் ஆழ்ந்த பிளவு ஒன்றினைப் பாலத்தின் வழியே கடத்தல் வேண்டும். ஒருவர்பின் ஒருவராய்ச் செல்ல அவ்வழியே கற்பிக்கும். கடலிலோ சுவரும் இல்லை, பாலமும் இல்லை. விதி ஒன்றே உண்டு.

சென்னையில் 1911-இல் தோன்றிய இராயல் மெட்ராஸ் யாட் கழகத்தாரின் பாய்மரப் படகுப் போட்டிகளிலும் உலகப் பொதுவிதியே வழங்குகின்றது. முந்திய படகு மிதவைக்கு மூன்று படகு நீளத் தொலைவை எய்துங்கால், பிந்தியதன் முன்முனை அதன் பின்முனையைக் கடந்திருப்பின், வெளிப்புறப் படகு உட்புறப் படகிற்கு இடம் விடுதல் வேண்டும். கடந்திராவிடில், பின்னர் விரைந்து உட்புகுந்தாலும் பிந்தியதற்கு உரிமை பிறவாது. (எதிர்காற்றில் இருவேறு பக்கங்களினின்றும் வருவனவற்றிற்கு விதி வேறு.)

நடுவர் பெரும்பாலும் அருகில் இரார். எனினும், மிதவையைத் தீண்டிய படகோட்டி தானே விலகி, ஒரு முழுவட்டம் சுற்றிய பின்னரே மேற்செல்வார். அவ்வொரு வட்டத்தில் பரிசே கைந்நழுவிப் போதலும் உண்டு.