இரப்பரைப் பிசையும் பொறி

அரிசி மாவில் நீர் விட்டுப் பிசைந்தால், சிறிது நேரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இரப்பரோ அத்தகைய பொருளன்று. இழுத்தால் நீளும், விட்டால் பழைய உருவை அடையும். ஒரு சிட்டிகைத் தூளைக்கூட அதனுள் கையால் புகுத்த இயலாது. ஆயினும், டயர் செய்வதற்குரிய கலவையில் 100 பங்கு இரப்பருக்கு ஏறத்தாழ 50 பங்கு புகைக்கரி சேர்ப்பது வழக்கம். கந்தகம், துத்தநாக ஆக்சைடு, எண்ணெய் முதலியனவும் சேரும். இவற்றையெல்லாம் இரப்பரோடு இரண்டறக் கலப்பது எங்ஙனம்?

இலண்டனில் வாழ்ந்த தாமஸ் ஹான்காக் என்பார், இரப்பரை நாடாக்களாக வெட்டிக் கையுறைகளிலும் காலணிகளிலும் வைத்துத் தைக்கும் தொழிலைத் தொடங்கினார். வெட்டியபின் எஞ்சிய துண்டுகள் குவிந்தன. அவற்றை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. 1820ஆம் ஆண்டில், பற்கள் பதித்த மரக்கூடு ஒன்றினுள் பற்களையுடைய உருளையைக் கையால் சுழற்றும் சிறு பொறியை அமைத்தார். துண்டுகளை நார்நாராகக் கிழிப்பதே அவருடைய நோக்கம். ஆனால், திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது சூடேறிய ஒரே உருண்டை! கிழிக்க வந்த பொறி ஒட்டவைத்துவிட்டது. இரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் இழுவையால் அறுபடுகின்றன. அறுந்த முனைகள் மீண்டும் கூடாதவாறு காற்றிலுள்ள ஆக்சிஜன் தடுக்கிறது. அதனால் இரப்பர் மென்மையடைகிறது. இக்காரணத்தை அறிவியலார் பிற்காலத்தில்தான் கண்டனர். ஹான்காக் தம் பொறிக்கு உரிமை பெறாமல் மறைத்தே வைத்திருந்தார். பிறர் ஐயுறாதிருக்க, ஊறுகாய் எனப் பொருள்படும் 'பிக்கிள்' என்னும் பெயரையும் அதற்கு இட்டார்!

அடுத்த மாற்றம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1836ஆம் ஆண்டில் எட்வின் சாஃபி என்பவர், நீராவியால் சூடேற்றப்பட்ட இரண்டு இரும்பு உருளைகளைக் கொண்ட ஆலைக்கு உரிமை பெற்றார். இவ்வகை ஆலையில் இரண்டு உருளைகளும் எதிரெதிராகச் சுழலும்; ஒன்று மற்றொன்றினும் சற்று விரைவாகச் செல்லும். இவ்விரைவு வேறுபாடே இரப்பரை இடுக்கில் நசுக்கித் தேய்க்கிறது. ஆட்டுக்கல்லில் மாவாட்டுவோர் குழவி சுழலச் சுழல மாவை உள்ளே தள்ளிவிடுவர் அன்றோ? அதுபோல, உருளையைச் சுற்றிய இரப்பர்த் தகட்டைத் தொழிலாளர் கத்தியால் அறுத்து மடித்து மீண்டும் இடுக்கில் விடுவர். கீழே சிந்திய தூளைக் கூட்டியெடுத்து மேலே தூவுவர். உருளைகளோ உள்நோக்கிச் சுழல்பவை. கை சிறிது பிசகினால் இரப்பரோடு கையும் உள்ளே இழுக்கப்படும். அழுத்தியவுடன் ஆலையை நிறுத்தும் பாதுகாப்புக் கம்பிகள் இக்காரணம் பற்றியே எழுந்தன.

முற்கால டயர்கள் கருநிறமுடையவை அல்ல. புகைக்கரி இரப்பருக்கு மிகுந்த வலிமை தருவது 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அதன்பின் டயர்த் தொழிலில் கரி மெல்ல மெல்ல இடம்பெற்றது. ஆனால், அது மாவினும் நுண்ணிய தூள். திறந்த ஆலையில் தூவினால் பாதி இரப்பரில் படியும்; பாதி காற்றில் பறக்கும். தொழிலாளருடைய முகமும் மூக்கும் கரியாயின. கலவையும் ஒரே தரமாக அமையவில்லை.

இதற்கு வழி கண்டவர் ஃபெர்ன்லி பான்பரி. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்கா சென்ற பொறியாளர் அவர். 1916ஆம் ஆண்டில் அவர் உரிமை பெற்ற பொறி மூடிய அறையை உடையது. அறைக்குள் திருகிய சிறகுகளுடன் இரண்டு சுழலிகள் எதிரெதிராகச் சுழலும். மேலிருந்து ஓர் எடை கலவையை அழுத்தும். கலந்தபின் கீழ்க்கதவு திறந்து கலவை விழும். தூள் பறப்பது பெரிதும் குறைந்தது. அரைமணி நேர வேலை சில நிமிடங்களில் முடிந்தது. இவ்வறையை முழுதும் நிரப்புதல் கூடாது. ஏறத்தாழ முக்கால் பங்கு நிரப்பினால்தான் கலவை இடம்பெயர்ந்து புரள முடியும்.

வேகம் கூடியபோது வெப்பம் பகையாயிற்று. பெரிய பொறிகளில் 1,000 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மின்னோடிகள் உழைக்கின்றன. அவ்வாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. இரப்பரோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. கந்தகம் சேர்ந்த கலவை மிகச் சூடேறினால், டயர் அச்சுக்குச் செல்லும் முன்னரே பொறிக்குள் இறுகிவிடும். ஆதலின், கரியை முதலில் கலந்து, ஆறவைத்து, குறைந்த வெப்பத்தில் கந்தகத்தைப் பின்னர்ச் சேர்க்கின்றனர். அறைச் சுவரிலும் சுழலிகளிலும் நீர் ஓடும் வழிகள் அமைந்தன. 1930களில் இங்கிலாந்தில், சுழலிகளின் சிறகுகள் ஒன்றனுள் ஒன்று பொருந்திச் சுழலும் பொறிகள் தோன்றின. இவை கலவையை நன்கு குளிர்விப்பவை. ஆயினும், ஒரே அளவுள்ள அறையில் இவை ஏற்கும் கலவை குறைவு. எதனை இழந்து எதனைப் பெறுவது என்பதைத் தொழிற்சாலையே முடிவு செய்தல் வேண்டும்.

இத்துணைப் பாடும் எதன்பொருட்டு? கலவையில் உடையாத கரிக்கட்டி ஒன்று எஞ்சினாலும், ஓடும் டயரில் வெடிப்பு அவ்விடத்தே தொடங்கக்கூடும். அவ்வண்டியில் செல்பவர் அதனை அறியார். ஆகவேதான் இக்காலத்துப் பொறிகள் கடிகாரத்தை மட்டும் நம்புவதில்லை; கலவையின் வெப்பத்தையும் மின்னோடி செலவிட்ட ஆற்றலையும் அளந்து, கீழ்க்கதவைத் திறக்கும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

1990களில் சாலையில் உருளும்போது ஆற்றல் இழப்பைக் குறைக்கும் டயர்களுக்காக, கரிக்கு மாற்றாகச் சிலிக்காத்தூள் மிகுதியாகப் புகுந்தது. இது தானாக இரப்பரோடு சேராது. சிலேன் என்னும் இணைப்புப்பொருள் பொறிக்குள்ளேயே அதனோடு வினைபுரிதல் வேண்டும். அவ்வினைக்கு வெப்பம் குறைந்தால் பிணைப்பு முழுமையடையாது. மிகுந்தால் கலவை இறுகும். இதனால் சுழலியின் வேகத்தை நொடிக்கு நொடி மாற்றி, வெப்பத்தை ஒரே நிலையில் சில நிமிடங்கள் நிறுத்திவைக்கக் கற்றனர்.