தாழ்ந்த பிக்கப் லாரியின் முன்பக்கத்தை உயர்த்தும் முறை

செங்கற்பட்டு, காஞ்சீபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காய்கறி, கீரை, வாழையிலை முதலியவற்றை மயிலாப்பூர் மாட வீதிகளுக்கும், தியாகராயநகர், அடையாறு கடைகளுக்கும் ஏற்றிவரும் பிக்கப் லாரிகளுள் பல பத்துப் பதினைந்து வருஷம் உழைத்தவை. பின் சக்கரங்களை மட்டுமே எஞ்சின் சுழற்றும் வண்டிகள் அவை. மழைக்காலம் நெருங்கியதும், முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கிவிட்டால் தேங்கிய நீரைத் தடையின்றிக் கடக்கலாமென்று எண்ணிப் பட்டறைக்குச் செல்வோர் உளர். இவ்வேலையின் பயனையும் அபாயத்தையும் முன்னதாக அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

தியாகராயநகர் 1920-களில் நெடிய ஏரியொன்றைத் தூர்த்து உண்டாக்கப்பட்ட பேட்டையாதலால், மழைநீர் அங்கே தங்குவதில் வியப்பில்லை. துரைசாமி சுரங்கப்பாதையில் நீர் நிரம்பி நிற்பதை லாரிக்காரர் நன்கறிவர். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளே நீரில் நின்றன. வில்பட்டைகளை இரண்டு அங்குலம் உயர்த்தினால் உடலும் எஞ்சினும் இரண்டு அங்குலம் உயரும், அச்சுக்கள் உயரமாட்டா. அவை சக்கரங்களோடு பிணைந்திருப்பதால், டயர் பெரிதானாலன்றித் தரைக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளி மாறுவதில்லை. நீர் காற்றுக்குழாயின் வாயை எட்டுமாயின் எஞ்சின் அதை உறிஞ்சிக்கொள்ளும்; கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே பாழாகும். முழங்காலளவு நீரில் இரண்டு அங்குலத்தை நம்பி இறங்குதல் புத்தியன்று.

எனினும் பழைய வண்டியின் முன்பக்கம் உண்மையாகவே அமிழ்ந்திருக்கலாம். அதைச் சோதிப்பது எளிது. சுமையின்றி, டயர்களில் குறித்த காற்றுடன், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை இருபுறமும் அளக்க வேண்டும். ஒருபுறம் தாழ்ந்திருப்பின் அப்பக்கத்துப் பட்டை ஒடிந்தோ தளர்ந்தோ இருக்கும். இரு புறமும் தயாரிப்பாளர் குறித்த அளவினும் தாழ்ந்திருந்தால் பட்டைகள் வளைவை இழந்துவிட்டன என்று கொள்ளலாம். அந்தப் பழைய அளவை மீட்பதே தக்க சிகிச்சை; அதற்கு மேல் உயர்த்துவது வேறு காரியம்.

பட்டைகளைக் கழற்றிக் குளிர்ந்த நிலையிலேயே மீண்டும் வளைப்பதும், பழுதானவற்றை மாற்றிப் புதிது கோப்பதும் நல்ல முறைகள். காஸ் விளக்கால் பட்டையைச் சுட்டு வளைப்பது கூடாது. சுட்ட எஃகு தன் விறைப்பை இழக்கும். எண்ணெயில் ஆற்றி மறுபடி பதப்படுத்தாவிடில் சில மாதங்களில் பட்டை முன்னிலும் தாழும், அன்றேல் ஒடியும். சில பட்டறைகளில் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து யூ-போல்ட்டால் இறுக்கித் தருகிறார்கள். செலவு சொற்பம், பின்பக்கத்தில் இதற்கு ஓரளவு இடமுண்டு. முன் அச்சிலோ பிரேக் பிடிக்கும்போது கட்டை முறுக்குண்டு நழுவக்கூடும். சுமை நிறைந்த வண்டியில் இதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

பட்டைக்குப் பதிலாக முறுக்குத் தண்டுள்ள வண்டிகளில் ஒரு திருகைச் சுற்றினாலே முன்பக்கம் உயரும். முன் சக்கரங்களுக்கு ஓட்டுதண்டு இல்லாத வண்டியில் இது இன்னும் சுலபம். இந்தச் சுலபமே பலரை ஏமாற்றுகிறது. திருகுவதால் தண்டின் வலிமை கூடுவதில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்குரிய இடம் மட்டும் குறைகிறது. கைகள் கீழ்நோக்கிச் சாய்வதால் டயர் ஓரம் தேய்கிறது.

எம்முறையில் உயர்த்தினாலும் ஸ்டியரிங் தண்டுகளின் சாய்வு மாறும்; மேடுபள்ளத்தில் வண்டி தானே ஒருபுறம் இழுக்கும். பிரேக் குழாய் இழுபட்டு நிற்கிறதா என்பதைச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்த்தறிய வேண்டும். பின்னால் பாரம் ஏறியபின் முன்பக்கம் மேலும் நிமிரும். ஸ்டியரிங் இலேசாகி, விளக்கொளி எதிர்வருவோர் கண்ணில் பாயும்.

கிராம அலுவலர்கள் குடியானவர்களுக்கு எடுத்துக் கூறத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று பதிவு விவரங்கள் மாறுபடும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அவ்வருஷத்துத் திருத்தச் சட்டம் அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது. தேய்ந்த பட்டையை மாற்றிப் பழைய உயரத்துக்குக் கொணர்வது பழுதுபார்ப்பு. அதற்குமேல் தூக்கிய வண்டி தகுதிச் சான்றுக்குச் செல்லும் நாளிலோ, விபத்துக்குப்பின் இன்ஷூரன்ஸ் கோரும்போதோ கேள்விக்குள்ளாகலாம்.

வேலை முடிந்தபின் சக்கர நேர்ப்பாட்டைக் கருவியில் சரிபார்த்து, விளக்குகளைத் தாழ்த்தியமைக்க வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட்டுகளை மறுபடி இறுக்குவதோடு, நீரில் இறங்கிய வண்டியாயின் முன் சக்கர பேரிங்குகளைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதியதை இடுதல் வேண்டும்.