பாறை ஏற ஒரு சாண் ஜீப் போதும்

ரிமோட் ஜீப்புகள் பாறைமேல் ஏறும் வீடியோக்களைப் பார்த்து நானும் என் மகனும் சொக்கிப்போய்விட்டோம். அதிகச் செலவில்லாமல் தொடங்க முடியுமா? – வாசகர், கோவை

மகன் பெயரைச் சொல்லி உங்களுக்கே வாங்கப்போகிறீர்கள், புரிகிறது! கடைக்காரர் நிஜ ஜீப்பில் 1/10 அளவுள்ள வண்டியைக் காட்டினால் மயங்காதீர்கள். 1/24 அளவே போதும். ஆக்சியல் நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்24 போன்றவை ஒரு சாண் நீளம்தான்; பேட்டரி, சார்ஜர், ரிமோட் எல்லாம் பெட்டியிலேயே இருக்கும். மலை தேடி அலைய வேண்டாம். மொட்டைமாடியில் நாலு செங்கல், கொஞ்சம் கருங்கல் ஜல்லி போட்டால் களம் தயார்.

இது ரேஸ் அல்ல, ஊர்ந்து ஏறும் வித்தை. சக்கரம் வழுக்கிச் சுற்றினால் ரிமோட்டின் வேக விசையை இன்னும் அழுத்தத்தான் கை போகும். அழுத்தாதீர்கள், பின்வாங்கி, ஒரு விரலளவு தள்ளி வேறு தடத்தில் ஏற்றுங்கள். இரு பக்கச் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றும்படி டிஃபரன்ஷியல் பூட்டியிருப்பதால் வண்டி அகலமாகத்தான் வளையும், பழுது என்று பயப்படாதீர்கள். செங்குத்தில் பின்பக்கமாகக் கவிழ்கிறதா? முன் அச்சில் பித்தளை எடை மாட்டுங்கள். முதலில் செலவழிக்க வேண்டியது அதற்குத்தான். மோட்டாரை மாற்றுவதெல்லாம் அப்புறம்.