வேகனைத் தாழ்த்தும் முன் அரிசி மூட்டையை ஏற்றுங்கள்

பழைய ஸ்டேஷன் வேகனைத் தாழ்த்த வேண்டும் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், எத்தனை அங்குலம் என்று நான் கேட்பதில்லை. பின்னால் என்ன ஏற்றுவீர்கள் என்றுதான் கேட்பேன். செடானுக்கு அது பெரிய கேள்வி இல்லை. வேகன் அப்படியல்ல. காலியாக நிற்கையில் கண்ணுக்கு அழகாக இருக்கும் உயரம், சாமான் ஏறியதும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் உட்கார்ந்துவிடும்.

என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு ஃபோர்டு ஃபால்கன் வேகன். மெல்போர்னுக்கு வடக்கே பிராட்மெடோஸில் செய்தது, நாலு லிட்டர் எஞ்சின். ஃபால்கன் வேகன் 2010இல் நின்றது. 2016இல் ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கார் உற்பத்தியே நின்றது. இருந்தாலும் பழைய பாகங்களுக்குப் பஞ்சமில்லை. ஸ்பேனர் எடுத்துப் போய் நாமே கழற்றிக்கொள்ளும் யார்டுகள் இருக்கின்றன. குறைந்த செலவில் தாழ்த்த இந்த வண்டி தோதாக இருப்பதற்குக் காரணம் அதன் பின்பக்கம். கடைசி வரைக்கும் ஃபோர்டு இதற்குக் கமான் பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்) போட்டது; அதற்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஒரு கட்டை வைத்தாலே வண்டி தாழும். போட்டியாக ஓடிய ஹோல்டன் கமடோருக்குக் காயில் ஸ்பிரிங்.

முதலில் டேப்பை எடுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரில் காற்று குறைந்தாலே அந்தக் கணக்கு மாறும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர்மேலே ஃபெண்டர் வளைவின் விளிம்பு வரை, நாலு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை வயதான கமான் பட்டை ஏற்கெனவே தொய்ந்துதான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கம் கூடுதலாக. தொய்வைத் தாழ்வு என்று எண்ணி அதன் மேல் வேலையை ஆரம்பித்தால் வண்டி கோணலாகத்தான் நிற்கும். பட்டையைக் கழற்றி ஸ்பிரிங் வேலை செய்யும் பட்டறையில் கொடுத்து வளைவைச் சரிசெய்து வாங்குவது நல்லது. செலவைப் பார்த்து ஒரு தகட்டை உருவி எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. வண்டி தாழும், பாரம் தாங்கும் சக்தியும் கூடவே போய்விடும். அப்புறம் அது எதற்கு வேகன்?

அடுத்தது பாரச் சோதனை. மாதம் ஒருமுறை கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவிலுக்கு அரிசி மூட்டை, அண்டா, காய்கறிக் கூடை எல்லாம் என் வண்டியில்தான் போகும். அதே பாரத்தை ஏற்றி, பின்சீட்டில் ஆளையும் உட்காரவைத்தேன். ஆக்ஸில் வந்து இடிக்கும் பம்ப் ஸ்டாப்பின் நுனியில் சப்பாத்தி மாவை இரண்டு விரல் உயரத்துக்குப் பிடித்து ஒட்டி, வேகத்தடைகள் உள்ள தெருவில் நிதானமாக ஒரு சுற்றுப் போய் வந்தேன். மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால், கையில் உள்ள இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடையில் சாதாரணமாகத் தூக்கிக் கொடுக்கும் இரண்டு அங்குலக் கட்டையை விட்டு நான் ஒன்றரை அங்குலத்தோடு நின்றது அந்த மாவைப் பார்த்துத்தான்.

கட்டை என்றால் லோயரிங் பிளாக். பட்டைக்குக் கீழே ஆக்ஸில் தொங்கும் வண்டிகளில் இரண்டுக்கும் நடுவில் போகும் அலுமினிய அல்லது இரும்புத் துண்டு. பட்டையின் சென்டர் போல்ட் தலை கட்டையின் மேல்பக்கக் குழிக்குள் இறங்கும். கட்டையின் அடியில் உள்ள முளை ஆக்ஸில் துளைக்குள் உட்காரும். இரண்டும் சரியாக அமர்ந்ததைக் கையால் தடவிப் பார்க்காமல் யூ போல்ட்டை முறுக்காதீர்கள். ஒரு பக்கம் பிசகினால் ஆக்ஸில் குறுக்கே திரும்பி நிற்கும், வண்டி நண்டு மாதிரி ஓடும். யூ போல்ட் நீளமானதாக, புதிதாக வாங்குங்கள்; பழையதை மறுபடி மாட்ட வேண்டாம். நாலு நட்டையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்தால் அநேகமாக எல்லாமே சற்று இறங்கும். கமான் பட்டையின் கண் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால், சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை இறங்கியபிறகே கடைசி முறுக்கு. தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கேறியே நின்று சீக்கிரம் கிழியும்.

ஒன்றரை அங்குலக் கட்டை போட்டால் ஆக்ஸில் அதே அளவு உடலை நெருங்கி வரும். அப்போது சைலன்சர் குழாய் ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். துரு பிடித்த குழாயில் ஒரு இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் அங்கே இடிக்கிறது என்று அர்த்தம். பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டையும் கையோடு பார்த்துவிடுங்கள். சில பழைய வேகன்களில் பின்பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒரு கம்பியால் ஆக்ஸிலோடு இணைந்திருக்கும். வண்டி தாழ்ந்ததும் பாரம் ஏறிவிட்டது என்று அது நினைத்து, பின்சக்கரத்துக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். மழை நாளில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். உங்கள் வண்டியில் அது இருந்தால் மறுபடி செட் செய்தே ஆக வேண்டும்.

முன்பக்கத்துக்குக் குறுக்கு வழி கிடையாது. கிங், லவல்ஸ் போன்ற உள்ளூர்க் கம்பெனிகள் தாழ்வான ஸ்பிரிங் செய்கின்றன, அதைப் போடுங்கள். இருக்கிற ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிடலாமா என்று டான்டெனாங்கில் கராஜ் வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் கேட்டேன். “தம்பி, அதை மட்டும் வெட்டாதையும். ஜாக்கி போட்டுத் தூக்கேக்கை ஸ்பிரிங் தன்ரை இடத்திலை இருக்காது” என்றார். குட்டையான ஸ்பிரிங், சக்கரம் தொங்கும்போது இருக்கையை விட்டு நழுவும். அதோடு எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதி ஸ்பிரிங் ஏழில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கும். பழைய சாக் அப்சார்பரால் அந்த விறைப்பை அடக்க முடியாமல் வண்டி துள்ளும். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம், எஃகின் பதமே போய்விடும். ஸ்பிரிங்கை மாற்ற கம்பிரஸரை வாடகைக்கு எடுங்கள். அமுக்கப்பட்ட ஸ்பிரிங்குக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

காசை எங்கே போடுவது என்று கேட்டால், சாக் அப்சார்பரில் என்பேன். தாழ்ந்த வண்டியில் பழைய சாக் எப்போதும் பாதி அமுங்கியே நிற்கும். குட்டை உடல் கொண்ட சாக் நாலும், அதன்பின் வீல் அலைன்மென்ட்டும் சேர்ந்தால் கட்டையின் விலையைப் போல் பல மடங்கு ஆகும். வெளியே யாருக்கும் தெரியாத செலவு. அலைன்மென்ட்டை விட்டுவிட்டால் முன்டயரின் உள்விளிம்பு தேய்ந்து, மிச்சம் பிடித்த காசை டயர்க் கடையில் கொடுப்பீர்கள்.

மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் சட்டம் இதில் தெளிவு: தரையிலிருந்து குறைந்தது 100 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், சஸ்பென்ஷனின் மூல ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்காவது மிஞ்ச வேண்டும். பம்ப் ஸ்டாப் ரப்பரைச் சீவி இடம் உண்டாக்குவது இந்தக் கணக்கில் செல்லாது. மீறினால் போலீஸ் கண்ணாடியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், ஊரில் அதற்கு ‘கேனரி’ என்று பெயர். வண்டியை விற்கும்போது ரோட்வொர்த்தி சான்றிதழும் கிடைக்காது. இன்ஷூரன்ஸ்காரர்களிடம் வேலை முடிந்த அன்றே சொல்லி, அவர்கள் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்கவில்லை என்றால் ஹெட்லைட்டின் கோணமும் மாறியிருக்கும். இருட்டியபின் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி, வழக்கமான பாரத்தோடு அதைத் திருகிச் சரிசெய்யுங்கள்.