யாருக்கு எந்தக் கருவி?

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கைத்தடி ஊன்றி நடக்கும் தாத்தா இருக்கிறாரா? அவர் எந்தக் கையில் தடியைப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். வலது இடுப்பில் வலி என்றால் வலது கையில்தான் தடி வேண்டும் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது.

எழுந்து வலது காலில் மட்டும் நின்று பாருங்கள். உடல் இடப்பக்கம் சாயப் பார்க்கிறது அல்லவா? சாயவிடாமல் இழுத்துப் பிடிப்பது வலது இடுப்பின் வெளிப்புறத் தசை. நீங்கள் படித்த நெம்புகோல்தான் இது. இடுப்பு மூட்டு ஆதாரப் புள்ளி. தசை அதிலிருந்து சில சென்டிமீட்டர் தூரத்தில் இழுக்கிறது. உடலின் எடையோ இன்னும் தள்ளி நின்று செயல்படுகிறது. ஆகவே தசை மிகுந்த விசையுடன் இழுக்க நேரிடுகிறது. எடையும் இந்த இழுப்பும் சேர்வதால், நடக்கும்போது மூட்டின் மீது உடல் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட சுமை விழுகிறது. இப்போது இடது கையில் ஒரு தடியைக் கொடுங்கள். மூட்டிலிருந்து வெகு தொலைவில் அது தரையை அழுத்துகிறது. புயம் நீளமானது, சிறு விசையே போதும். தசையின் உழைப்பு குறைகிறது, மூட்டின் சுமையும் குறைகிறது. வலது கையில் பிடித்தால் இந்தப் பயன் கிடைப்பதில்லை.

தடியின் உயரத்துக்கும் கணக்கு உண்டு. வழக்கமாக அணியும் செருப்புடன் நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட வேண்டும். மணிக்கட்டின் மடிப்பிலிருந்து தரைவரை உள்ள தூரமே தடியின் உயரம். அப்படி அமைந்தால், பிடிக்கும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்கும். தடி உயரமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும். குட்டையாக இருந்தால் முதுகு கூனும்.

ஆளை அளந்தாயிற்று. அது மட்டும் போதுமா? அவர் வாழும் இடத்தையும் அளக்க வேண்டும்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில் இருக்கிறது தவளக்குப்பம். அங்கே ஒருவருக்குச் சக்கர நாற்காலி வாங்கப் போவதாக வைத்துக்கொள்வோம். மருத்துவமனையின் வழவழப்பான தரையில் அழகாக ஓடும் நாற்காலியின் முன் சக்கரங்கள் சிறியவை, குறுகியவை. கிழக்கே நல்லவாடு பக்கம் கடற்கரை மணலில் அதைத் தள்ளினால் சக்கரம் புதைந்துவிடும். குறைந்த பரப்பில் அதிக எடை விழுந்தால் அழுத்தம் மிகுதி என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே? மணலிலும் மேடு பள்ளத்திலும் போகிறவருக்கு அகலமான, பெரிய முன் சக்கரம் வேண்டும்.

அடுத்தது வாசற்படி. 15 செ.மீ. உயரமுள்ள ஒரே படிக்குச் சாய்தளம் கட்டுவதானால், 12-க்கு 1 என்ற சரிவில் 180 செ.மீ. நீளம் தேவை. ஆளும் நாற்காலியுமாக 72 கிலோ என்றால், இந்தச் சரிவில் ஏற்றுவதற்கு ஏறத்தாழ 6 கிலோ எடையைத் தூக்கும் விசை போதும். இடமில்லை என்று 4-க்கு 1 சரிவில் கட்டினால் அது 17 கிலோவுக்கு மேல் போய்விடும். பின்னால் கவிழும் ஆபத்தும் உண்டு. நாற்காலி வீட்டுக்குள் வந்தும் குளியலறைக் கதவு அதைவிடக் குறுகலாக இருந்தால்? வாங்குவதற்கு முன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவது நல்லது.

இடத்தோடு பழக்கத்தையும் கணக்கில் எடுத்ததால் பிறந்தது ஜெய்ப்பூர் பாதம். மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் காலணிக்குள் பொருத்துவதற்கென்று செய்யப்பட்டது. வெறுங்காலுடன் வயலில் இறங்குபவரும், தரையில் சம்மணமிட்டு உட்காருபவரும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? 1968-ல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் மற்றச் சில மருத்துவர்களும் சேர்ந்து ரப்பரால் ஒரு பாதத்தை உருவாக்கினார்கள். அது பல பக்கமும் வளையும்; சேற்றிலும் நீரிலும் செருப்பில்லாமல் நடக்கலாம்; குந்தி உட்காரலாம். பட்டம் பெற்ற மருத்துவரும் பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞரும் ஒரே பட்டறையில் நின்று செய்தது இது.

வேலூரிலும் இப்படி ஒரு கதை உண்டு. 1946-ல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்வதற்குக் காரணம் தேடினார். நோய் நரம்புகளைக் கெடுப்பதால் கையில் உணர்ச்சி இருப்பதில்லை. சூடும் வெட்டும் தெரியாமல் புண்கள் உண்டாகித்தான் விரல்கள் சிதைகின்றன என்று கண்டார். அத்தகையவருக்கு எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கும் காப்பி கொடுத்தால் விரல் வெந்துபோகும், அவருக்குத் தெரியாது. மரக் கைப்பிடி வைத்த குவளை வேண்டும். கரண்டி, அரிவாள் பிடிகளும் பருமனாக இருந்தால் அழுத்தம் பரவும்.

பிடி தளர்ந்த கைக்கும் பருமனான கைப்பிடியே வசதி. பழைய சைக்கிள் டியூபைக் கரண்டிக் காம்பில் இறுகச் சுற்றினால் முடிந்தது. ஒரே கையால் சாப்பிடுகிறவருக்கு விளிம்பு உயர்ந்த தட்டு. அது நகராமலிருக்க அடியில் ஈரத் துணி. ஆனால் எதையும் நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். எந்த வேலை சிரமமாக இருக்கிறது என்று அவரிடமே முதலில் கேளுங்கள். வாங்குவதற்கு முன் அவர் பயன்படுத்திப் பார்க்கட்டும்.

தாத்தாவின் தடிக்கு வருவோம். அடியிலுள்ள ரப்பர் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அதிலுள்ள வரிகள் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தால், ஈரமான சிமெண்டுத் தரையில் தடி வழுக்கும். புது மூடிக்கு அதிகம் செலவாகாது. தடியின் பருமனை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.